சாணத்துக்கும் கணக்குக் கேட்ட தஞ்சைத் தமிழர்

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தேர்வு எழுதி, பம்பாயில் ஆடிட்டர் கம்பெனி நடத்தி, பிறகு அத்தனையையும் விட்டுவிட்டு வார்தாவில் கிராமத் தொழில்களுக்காக உழைத்தவர் ஜே. சி. குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்று இன்று கல்லூரிகளில் பாடமாகப் படிக்கப்படுவதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தவர் இவரே.

பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். வந்த இடத்துக் கிராமங்களின் வறுமையைக் கணக்கெடுத்து, அதற்குக் காரணமும் கண்டுபிடித்துச் சொன்ன தமிழர் குமரப்பா ஒருவர்தான் என்றால் மிகையாகாது. அவர் கணக்குப் பார்த்த பொருள்களில் அரசாங்கக் கடனும் உண்டு, மாட்டுச் சாணமும் உண்டு. இரண்டையும் ஒரே கண்ணோடுதான் அவர் பார்த்தார்.

கணக்கர் கார்னீலியஸ்

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கார்னீலியஸ் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். தாய் எஸ்தர் ராஜநாயகம். பிள்ளைக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதைப் பிற்காலத்தில்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

1912-ல் கப்பல் ஏறி லண்டன் போனார். கணக்குத் தணிக்கைப் படிப்பை முடித்து அங்கேயே சில காலம் வேலை பார்த்தார். 1919-ல் தாயகம் திரும்பி, பம்பாயில் கார்னீலியஸ் அண்டு தாவர் என்ற தணிக்கை நிறுவனத்தின் பங்குதாரர் ஆனார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். விடுதலைப் போராட்டம் பம்பாய்த் தெருக்களில் நடந்துகொண்டிருந்தது. கார்னீலியஸ் துரைக்கு அதில் ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார மேல்படிப்புக்குச் சேர்ந்தார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி அங்கே ஒரு மாதாகோவிலில் அவர் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த கணக்கருக்கு, இந்தியாவின் பணம் எந்த வழியாக வெளியே போகிறது என்பது புரிந்தது. அமெரிக்காவுக்குப் போன கார்னீலியஸ் வேறு, அங்கிருந்து திரும்பி வந்த குமரப்பா வேறு.

சாணம் மெழுகிய தரையில்

ஆராய்ச்சியை இந்தியாவில் புத்தகமாக வெளியிட வேண்டும் என்று விரும்பினார். பம்பாய் நண்பர்கள் காந்திஜியிடம் காட்டச் சொன்னார்கள். 1929-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி பிற்பகல் சாபர்மதி ஆசிரமத்தில் சந்திப்பு ஏற்பாடாயிற்று.

குறித்த நேரத்துக்கு முன்பே போய்விட்ட அவர், பட்டு சூட்டும் கைத்தடியுமாக ஆற்றங்கரையில் உலாவினார். ஒரு மரத்தடியில் சாணம் போட்டு மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இராட்டையை அதுவரை பார்த்திராத குமரப்பா, தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்தார். சில நிமிடங்கள் கழித்து அந்தக் கிழவரே சிரித்துக்கொண்டு, தன்னைப் பார்க்க வந்திருக்கும் குமரப்பா அவர்தானா என்று விசாரித்தபோதுதான் எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்தது. உட்கார நாற்காலி கொண்டுவந்தார்கள். குமரப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சூட்டு கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தச் சாணத் தரையிலேயே அமர்ந்தார்.

காந்திஜி அந்த ஆராய்ச்சியைத் தமது யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாதர் தாலுகாவில் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய வேண்டும் என்பதே அந்த வேலை.

குமரப்பாவுக்குக் குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 54 கிராமங்களில் அலைந்தார். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விளைச்சல் என்ன, கடன் எவ்வளவு, வரி போக மிச்சம் என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். ஆபீசில் பேரேடு புரட்டியவர் கிராமத்தின் பேரேட்டைப் புரட்டியது அதுவே முதல் தடவை. அந்த அறிக்கை 1931-ல் வெளியாயிற்று.

பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை. உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்திஜி சிறை சென்றபோது பத்திரிகைப் பொறுப்பை ஏற்றார். தாமும் சிறை சென்றார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பல தடவை சிறைவாசம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மூன்றணாக் கணக்கு

1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்கு நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாள் ஒன்றுக்கு மூன்றணாவுக்கு மேல் கிடையாது என்று அவர் விதித்தார். காந்திஜி பரிவாரத்துடன் அங்கே வந்தபோது, அவர்களது சாப்பாட்டுச் செலவையும் மோட்டார் செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். மகாத்மாவின் காதுக்கு இது போயிற்று. அவர் கோபிக்கவில்லை, குமரப்பாவின் மீது அவருக்கு நம்பிக்கை கூடியது.

மகன்வாடியில் ஒரு தமிழர்

அதே 1934-ம் ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில் சங்கம் அமைந்தது. மகன்லால் காந்தியின் நினைவாக அதற்கு மகன்வாடி என்று பெயர். சென்னையிலிருந்து டில்லி ரயிலில் போகிறவர்கள் சேவாகிராம் ஸ்டேஷனைத் தாண்டும்போது, இந்த வார்தாவின் ஓரமாகத்தான் போகிறார்கள்.

செக்கில் எண்ணெய் ஆட்டுவது, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் காகிதம் செய்வது, மண்பாண்டம் என்று அங்கே நடந்த வேலைகள் ஏராளம். குமரப்பாவின் தம்பி பரதன் குமரப்பாவும் உதவிக்கு வந்து சேர்ந்தார். 1938 டிசம்பர் 30-ந் தேதி காந்திஜி திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்ற கிராமத் தொழில் காட்சிசாலை வார்தாவில் இருக்கிறது.

மண்ணெண்ணெய்க்குப் பதிலாக உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே உருவாயிற்று. சமையல் அறைப் புகையைக் குழாய் வழியாக வெளியே அனுப்பும் மகன் சூலா என்ற அடுப்பும் உருவாயிற்று. கல்வியும் காசும் உள்ளவர்கள் பெரிய தொழிற்சாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வறட்டிப் புகையில் கண் எரிய எரியச் சோறு ஆக்கும் கிராமத்துப் பெண்ணின் அடுப்பைப் பற்றி யோசித்தவர்கள் மிகச் சிலரே.

சாணத்தின் வரவு செலவு

இங்கேதான் சாணக் கணக்கு வருகிறது.

நம் கிராமங்களில் மாட்டுச் சாணம் இரண்டு வேலைக்குப் போகிறது. ஒன்று வயலுக்கு எரு. மற்றொன்று அடுப்புக்கு வறட்டி. மராத்தியர் கோவரி என்பதும் இந்த வறட்டியைத்தான். விறகு கிடைக்காத ஊர்களில் வீட்டுச் சுவரெல்லாம் வறட்டி காய்வதைப் பார்க்கலாம்.

வறட்டியாக எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மிஞ்சுவது சாம்பல். அடுப்பிலும் பெரிய லாபம் கிடையாது. திறந்த அடுப்பில் எரியும் சூட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மற்றது காற்றில் கலந்துவிடும். எருவும் போயிற்று, சூடும் போயிற்று. வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது இருமலும் கண்ணெரிச்சலும்தான். அதற்காக எரிக்காதே என்று சொன்னால் ஏழை எதைக் கொண்டு சமைப்பான்? வயலா அடுப்பா என்ற இந்தக் கேள்வியில் கிராமம் தலைமுறை தலைமுறையாக மாட்டிக்கொண்டிருந்தது.

குமரப்பா இதை ஆடிட்டர் முறையில் பார்த்தார். ஒரு வியாபாரி முதலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அதை லாபம் என்று எழுதினால், எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். மண்ணின் சத்துதான் விவசாயியின் முதல். ஒவ்வொரு அறுவடையும் அதிலிருந்து எடுக்கும் செலவு. இலை உதிர்ந்தும், சாணம் விழுந்தும், மண்புழு கிளறியும் எடுத்தது திரும்பப் போனால்தான் ஏடு நேராகும். ஆகவே மாட்டுச் சாணமும் மனிதக் கழிவும் முறைப்படி மக்கிய எருவாகி நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று மகன்வாடிக்காரர்கள் வற்புறுத்தினார்கள். அதற்கான வேலையை அவர்கள் கையாலேயே செய்தும் காட்டினார்கள்.

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இந்தச் சிந்தனையை ஒரு புத்தகமாக எழுதினார். நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் தலைப்பில் அது 1945-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. காந்திஜி முன்னுரை எழுதி, கிராமத் தொழில்களில் அவரை டாக்டர் என்றே பாராட்டினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, நடாத மரத்தில் பழம் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, குஞ்சுக்கு இரை கொடுக்கும் தாய்ப்பறவை என்று ஐந்து உதாரணங்களைச் சொல்லி, மனிதப் பொருளாதாரத்தையும் ஐந்து படிகளாக அதில் பிரித்தார்.

நிலக்கரி, பெட்ரோல் போன்றவை குளத்தில் தேங்கிய தண்ணீரைப் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறையச் சண்டை வரும் என்பது அவர் வாதம். மரம், மாடு, தானியம் ஆகியவை ஆற்று நீர்போல ஓடி வருபவை. வரும் அளவுக்குச் செலவு செய்தால் வற்றாது. டிராக்டர் நன்றாக உழுமே தவிர சாணம் போடாது என்று அவர் சொன்னதாக வழங்கும் பேச்சு, தமிழ்நாட்டு உழவர்களிடையே இன்றும் பிரசித்தம்.

கணக்கு நேரான இடம்

சாணத்தை அடுப்புக்கும் கொடுத்து, வயலுக்கும் கொடுக்க ஒரு வழி உண்டு. அதுதான் சாண எரிவாயு. கோபர் காஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடித்தவர் குமரப்பா அல்ல. ஆனால் அவர் கேட்ட கணக்குக்கு அதுவே நேரான விடை.

இதன் சரித்திரத்தில் பம்பாய்க்கும் இடம் உண்டு. தமிழர்களுக்கு நன்கு பழக்கமான மாதுங்காவில், 1897-லேயே தொழுநோயாளர் விடுதி ஒன்றில் மனிதக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். 1930-களின் கடைசியில் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் மாட்டுச் சாணத்தைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தினார். 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் கிராமத்து வீட்டுக்கு ஏற்ற கலத்தை வடிவமைத்து, கிராமலட்சுமி என்று பெயர் வைத்தார். பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு 1957-ல் ஏற்பட்ட கதர் கிராமத் தொழில் கமிஷன், 1960-களில் அதை நாடெங்கும் பரப்பியது.

அமைப்பு எளியது. பூமிக்குள் கிணறு போல ஒரு செங்கல் தொட்டி. சாணத்தையும் அதே அளவு தண்ணீரையும் கரைத்து, கட்டி இல்லாமல் ஒரு குழாய் வழியாக உள்ளே விட வேண்டும். காற்றுப் புகாத அந்தத் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சாணத்தைச் செரிக்கும்போது வாயு உண்டாகும். அதில் பாதிக்கு மேல் மீதேன் என்ற எரியும் வாயு. தொட்டியின் மேல் கவிழ்த்துவைத்த இரும்பு டிரம், வாயு சேரச் சேர மேலே எழும்பும். அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். டிரம்மின் கனமே வாயுவைக் குழாய் வழியாக அடுப்புக்குத் தள்ளும். தினம் புதுக் கரைசல் உள்ளே போகப் போக, செரித்து முடிந்த பழைய கரைசல் மறு பக்கம் வழிந்து வெளியே வரும். அதில் சாண நாற்றம் இராது, ஈ மொய்க்காது. தழைச்சத்து அதிலேயே தங்கி இருக்கும். அது நேரே வயலுக்குப் போகலாம்.

சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து நாள் ஒன்றுக்கு ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். நாலைந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு இரண்டு கன மீட்டர் தாராளம். மாடு ஒன்று நாளைக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், நாலைந்து மாடு வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய இரண்டு சிலிண்டருக்குச் சமம். வாயு அடுப்பில் பாதிக்கு மேற்பட்ட சூடு பாத்திரத்துக்கே போகிறது. புகை கிடையாது.

எல்லா இடத்திலும் இது வெற்றி பெற்றது என்று சொல்வதற்கில்லை. டிரம்முக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசாவிட்டால் துரு ஏறி ஓட்டை விழும். குளிர்காலத்தில் வாயு குறையும். மாட்டை விற்றுவிட்டால் கலம் குப்பைத் தொட்டி ஆகிவிடும். கட்டிக் கொடுத்த பிறகு பழுது பார்க்க ஆள் வராமல் நின்றுபோனவை பல ஊர்களில் உண்டு. 1981-82-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கியது. 1984-ல் இரும்பு டிரம் இல்லாமல் செங்கல்லாலேயே கட்டும் தீனபந்து கலம் வந்தது. இவை குறைகளில் சிலவற்றைத் தீர்த்தன.

தீராத குறை ஒன்று உண்டு. நாலு மாடு உள்ளவன்தான் கலம் கட்ட முடியும். மாடு இல்லாத கூலிக்காரன் வீட்டுப் பெண், தெருவில் கிடக்கும் சாணத்தை இலவசமாகக் கூடையில் அள்ளி வறட்டி தட்டுவாள். சாணத்துக்கு மதிப்பு ஏறியதும் அந்த இலவசம் போய்விடும். யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று பார்ப்பதே குமரப்பா முறை. அந்த முறைப்படி பார்த்தால், ஊருக்குப் பொதுவாகக் கலம் அமைத்து, மாடு இல்லாத வீட்டுக்கும் வாயு போனால்தான் ஏடு முழுவதும் நேராகும்.

பண்ணை ஆசிரமமும் கல்லுப்பட்டியும்

விடுதலைக்குப் பிறகு பதவிகள் பலருக்கு வந்தன. குமரப்பா பதவியை நாடிப் போகவில்லை. காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உழுபவனுக்கு நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்ற யோசனைகள் அடங்கிய அறிக்கை 1949-ல் வந்தது. பெரிய ஆலைகளையும் அணைகளையும் நம்பி அரசு போன வழி அவருக்குச் சம்மதமில்லை. பழைய நண்பர்கள் மந்திரிகளாக இருந்தும், மனத்தில் பட்டதைக் கடுமையாகவே எழுதினார். பிடிவாதக்காரர், முன்கோபி என்று பெயர் வாங்கினார்.

வார்தா பக்கம் சேல்டோ என்ற கிராமத்தில் சமநிலை விவசாயச் சோதனைக்காக அவர் அமைத்த இடத்துக்குப் பண்ணை ஆசிரமம் என்று பெயர். மராத்தி பேசும் மண்ணில் ஒரு தமிழ்ச் சொல்லை அப்படி நட்டுவைத்தார். இரத்த அழுத்தம் உடம்பை வாட்டவே, 1950-களில் தமிழகம் திரும்பி, மதுரை அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். ஆடிட்டர் கார்னீலியஸ் பம்பாயில் ஒரு மாதம் செலவழித்த பணம், அந்தக் குடிலில் பல மாதங்களுக்குப் போதும்.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். காந்திஜி மறைந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன நாள் அது.

இன்று பெரும்பாலான வீடுகளில் சிலிண்டர் அடுப்பு வந்துவிட்டது. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாயுவின் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. எங்கோ யுத்தம் மூண்டால் இங்கே சிலிண்டர் விலை ஏறுகிறது. குளத்துத் தண்ணீரைப் பற்றி ஜபல்பூர் சிறையில் குமரப்பா எழுதியது இதைத்தான். சாணத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் வாயு எடுக்க 2018-ல் மத்திய அரசு கோபர்தன் என்ற திட்டத்தை அறிவித்தது. கணக்கு மறுபடியும் சாணத்துக்கே திரும்பி இருக்கிறது.

ஊரில் மாடு கன்று வைத்திருக்கும் பெற்றோர், அண்ணன் தம்பிகள் நம்மில் பலருக்கு உண்டு. லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாணம் எங்கே போகிறது என்று ஒரு தடவை கணக்குப் பார்க்கலாம். நாலு மாடு இருந்தால், கலம் கட்ட மானியம் உண்டா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். தஞ்சையில் பிறந்து வார்தாவில் உழைத்த அந்தக் கணக்கருக்கு, மாலை போடுவதைவிட இது பிடித்திருக்கும்.